முதல் வகுப்பில் சேரும் வயதும் பின்னாளைய படிப்பும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் தொடக்கப் பள்ளி வாசலில் ஒரே கேள்வி பல குரல்களில் கேட்கத் தொடங்கிவிடும். "ஜூலைக் கடைசியில்தான் ஐந்து முடிகிறது, இந்த வருடமே சேர்த்துவிடலாமா?" என்று ஒருவர் கேட்பார். "நன்றாகப் பேசுகிறாள், இரண்டு மாதம்தானே குறைகிறது, எப்படியாவது சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று இன்னொருவர் மன்றாடுவார். பல ஆண்டுகள் முதல் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில், இந்தக் கேள்விகளுக்கு அன்று எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில்களில் சில முழுமையானவை அல்ல என்பதைப் பின்னால் இத்துறை ஆய்வுகளைப் படித்தபோது உணர்ந்தேன். அந்தக் குறையைச் சரிசெய்யும் எண்ணத்தில்தான் இப்போது விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் முதல் வகுப்பில் சேர எத்தனை வயது நிறைந்திருக்க வேண்டும்?

மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் சேர்க்கை ஆண்டின் ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதே நடைமுறை. எல்.கே.ஜி.க்கு அதே நாளில் மூன்று வயது நிறைந்திருந்தால் போதும். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளிலோ, 2020 தேசியக் கல்விக் கொள்கையின் வழியில் 2022-23 கல்வியாண்டு முதல், மார்ச் 31 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த மாற்றத்தை எதிர்த்துப் பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்துவிட்டது. தமிழ்நாட்டுக்குத் தனிக் கல்விக் கொள்கை வகுக்க அமைக்கப்பட்ட நீதிபதி முருகேசன் குழு, ஐந்து வயது நிறைவையே முதல் வகுப்புக்குரிய வயதாகப் பரிந்துரைத்தது.

ஆகவே ஒரே தெருவில் வசிக்கும் சம வயதுக் குழந்தைகள் இருவரில் ஒருவர் முதல் வகுப்பிலும், மற்றவர் அதற்கு முந்தைய வகுப்பிலும் இருக்க நேரலாம். அதைக் கண்டு யாரும் பதற வேண்டியதில்லை. விதி வேறு, குழந்தை வேறு.

ஒரே வகுப்பில் சில மாத வயது வித்தியாசம் அவ்வளவு பெரிய விஷயமா?

ஆம், முதல் வகுப்பில் அது பெரிய விஷயம்தான். 2025 ஜூனில் பள்ளி திறந்த நாளை எடுத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்ட் 1 அன்று பிறந்த குழந்தையும் 2020 ஜூலை 31 அன்று பிறந்த குழந்தையும் அன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் குழந்தைக்கு ஐந்து வயது பத்து மாதம். இரண்டாவது குழந்தைக்கு நான்கு வயது பத்து மாதம். இடையில் உள்ள பன்னிரண்டு மாதம், இளைய குழந்தை அதுவரை வாழ்ந்த வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பன்னிரண்டு மாதத்தில்தான் விரல்களுக்குப் பென்சில் பிடிபடுகிறது, இருபது நிமிடம் ஓரிடத்தில் உட்காரும் பொறுமை வருகிறது, 'ள'வையும் 'ழ'வையும் காது பிரித்தறிகிறது, "பசிக்கிறது" என்பதையும் "புரியவில்லை" என்பதையும் ஆசிரியரிடம் அழாமல் சொல்லத் துணிவு பிறக்கிறது.

பத்தாம் வகுப்புக்கு வரும்போது இதே பன்னிரண்டு மாதம் வாழ்நாளில் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. காலம் செல்லச் செல்ல வயது வித்தியாசத்தின் வலு குறைவதற்கு முதல் காரணம் இந்த எளிய கணக்கே.

வகுப்பில் வயது கூடிய குழந்தைகள் அதிக மதிப்பெண் பெறுவதற்கு உறுதியான சான்று இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் பல நாடுகளிலிருந்து. கெல்லி பெடார்டு, எலிசபெத் டூயி என்ற பொருளாதார அறிஞர்கள் இருவர், வளர்ந்த நாடுகள் பலவற்றில் நடத்தப்பட்ட கணித, அறிவியல் தேர்வுகளின் முடிவுகளை ஒப்பிட்டு 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மதிப்பெண் வரிசையில் நூறு பேரை நிறுத்தினால், வகுப்பில் மிக இளையவர்கள் மிக மூத்தவர்களைவிட நான்காம் வகுப்பில் 4 முதல் 12 இடங்களும், எட்டாம் வகுப்பில் 2 முதல் 9 இடங்களும் பின்தங்கியிருந்தனர். இடைவெளி குறைந்திருந்தாலும் எட்டாம் வகுப்பிலும் அது மறைந்துவிடவில்லை என்பதுதான் பலரையும் வியக்க வைத்தது.

இங்கிலாந்தில் செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பில் சேர்க்கப்படுகிறார்கள். ஆகவே அங்கே ஆகஸ்டில் பிறந்தவர்களே வகுப்பின் கடைக்குட்டிகள். பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வில் ஐந்து பாடங்களில் நல்ல தரம் பெறும் வாய்ப்பு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு ஏறத்தாழ 6 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்ததாக லண்டனிலுள்ள நிதி ஆய்வு நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

"படித்த பெற்றோர் குழந்தை பிறக்கும் மாதத்தைத் திட்டமிட்டிருக்கலாமே, வித்தியாசம் அதனால் வந்ததாகவும் இருக்கலாமே" என்று ஐயப்படுவோர் உண்டு. நியாயமான ஐயம்தான். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்த ஆய்வு அதற்கு அழகாக விடை சொல்கிறது. அங்கே ஒரே தாய் வயிற்றில் பிறந்த உடன்பிறப்புகளில் ஆகஸ்டில் பிறந்த ஒருவரையும் செப்டம்பரில் பிறந்த ஒருவரையும் ஒப்பிட்டார்கள். வீடு ஒன்று, பெற்றோர் ஒருவரே. ஆனாலும் செப்டம்பரில் பிறந்து வகுப்பில் மூத்தவராக அமைந்தவர் 0.2 திட்ட விலக்க அளவு கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் ஒரு மாணவரை ஏறத்தாழ எட்டு இடம் முன்னே நகர்த்தும் வித்தியாசம் அது. ஏழை வீடு, வசதியான வீடு என்ற பாகுபாடு பெரிதாக இல்லாமல் எங்கும் இது காணப்பட்டது.

நம் நாட்டிலும் 24 மாநிலங்களில் 26 மாவட்டங்களில் 2019இல் குழந்தைகளின் கற்றல் நிலையை அறிய எடுக்கப்பட்ட அசர் (ASER) கணக்கெடுப்பு இதையே காட்டியது. முதல் வகுப்பில் இருந்தவர்களில் ஆறு வயதினர் 41.7 விழுக்காடு மட்டுமே; நான்கு, ஐந்து வயதினர் 21.9 விழுக்காடு, ஏழு, எட்டு வயதினர் 36.4 விழுக்காடு. ஒரே வகுப்பில், ஒரே பாடநூலை வைத்துக்கொண்டு இருந்தவர்களில் வயது கூடியவர்களே எழுத்திலும் எண்ணிலும் முன்னால் இருந்தனர்.

அப்படியானால் தாமதமாகச் சேர்த்தால் குழந்தை அறிவாளியாகிவிடும் என்று பொருளா?

இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள், ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு குழந்தையைப் பற்றிப் பேசும்போது நாம் மூன்று வயதுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பள்ளியில் சேர்ந்தபோது இருந்த வயது ஒன்று. தேர்வு எழுதும் நாளில் உள்ள வயது இன்னொன்று. கூடப் படிப்பவர்களோடு ஒப்பிடும்போது மூத்தவரா இளையவரா என்பது மூன்றாவது. ஒரே வகுப்பில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே நாளில் தேர்வு எழுதுவதால், தாமதமாகச் சேர்ந்த குழந்தை தேர்வு நாளிலும் மூத்த குழந்தையாகவே இருக்கும். எனவே அது அதிக மதிப்பெண் பெற்றால், தாமதமாகச் சேர்ந்ததுதான் காரணமா, தேர்வன்று ஒரு வயது கூடுதலாக இருந்ததுதான் காரணமா என்பதை வகுப்பறைத் தேர்வைக் கொண்டு மட்டும் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நார்வே நாட்டில் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி கிடைத்தது. அங்கே ஆண்கள் ஏறத்தாழ பதினெட்டு வயதில் ராணுவச் சேவைக்கான அறிவுத்திறன் தேர்வை எழுதினர். பள்ளியில் எந்த வயதில் சேர்ந்தவராக இருந்தாலும் தேர்வு அந்த வயதையொட்டியே வந்தது. டிசம்பர் 31 அன்று பிறந்தவருக்கும் மறுநாள் ஜனவரி 1 அன்று பிறந்தவருக்கும் ஒரு நாள்தான் வித்தியாசம். ஆனால் முதலாமவர் ஓராண்டு முன்பே பள்ளிக்குச் சென்றிருப்பார். சாண்ட்ரா பிளாக், பால் டெவரோ, ஷெல் சால்வானஸ் ஆகிய மூவரும் இத்தகைய தரவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இது: தேர்வு நாளில் உள்ள வயதுக்குப் பெரிய பங்கு உண்டு, அந்த வயதைச் சமமாக வைத்துப் பார்த்தால், தாமதமாகச் சேர்ந்ததால் எந்த நன்மையும் இல்லை. சொல்லப்போனால், முன்னதாகச் சேர்ந்தவர்களே மிகச் சிறிதளவு மேலாக இருந்தனர்.

இங்கிலாந்தில் நடந்த ஆய்வும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. ஆகஸ்டில் பிறந்த குழந்தை பின்தங்குவதற்கு முதன்மைக் காரணம், தேர்வன்று அதற்கு வயது குறைவு என்பதுதான். மரத்தை ஒரு வருடம் கழித்து அளந்துவிட்டு, "பார், இது உயரமான ஜாதி" என்று சொன்னால் ஏற்போமா? வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த வித்தியாசம் வளர்ந்த பிறகும் நீடிக்கிறதா?

வேலை, வருமானம் என்ற அளவுக்கு வரும்போது பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. நார்வேயில் முன்னதாகப் பள்ளிக்குச் சென்றவர்கள் ஓராண்டு முன்னதாக வேலைக்கு வந்ததால் தொடக்கத்தில் சற்று அதிகம் சம்பாதித்தனர். முப்பது வயதுக்குள் அந்த வித்தியாசமும் மறைந்தது. ஸ்வீடனில் தாமதமாகச் சேர்ந்தவர்கள் சற்று அதிகம் படித்திருந்தனர். ஆனால் நடுவயது வருமானத்தில் பொதுவாகப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. படிப்பு குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு மட்டும் சிறிது பயன் இருந்தது. இத்தாலியில் மிலான் நகரிலுள்ள போக்கோனி பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்தபோது, ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களில் வயதில் இளையவர்களே நன்றாகப் படித்திருந்தனர்.

ஆனால் கவனிக்க வேண்டிய மறுபக்கம் ஒன்று உண்டு. கல்லூரி வாசலில் இன்னும் சிறு வித்தியாசம் மிஞ்சியிருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல்கலைக்கழகத்தை நோக்கிச் செல்லும் மாணவர்களிடையே இளையவர்கள் குறைவாக இருந்தனர். இங்கிலாந்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பு ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு ஏறத்தாழ 2 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு. வயதால் வந்த வித்தியாசம் வயது ஏற ஏறத் தானாகவே கரைய வேண்டுமல்லவா? முழுவதும் கரையாமல் ஏன் தங்குகிறது?

இதற்கு விடை குழந்தையிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முதல் வகுப்பிலேயே "இவன் கெட்டிக்காரன்", "இவள் மக்கு" என்று பெயர் சூட்டிவிடுகிறோம். கெட்டிக்காரன் முன் பெஞ்சுக்கு வருகிறான், கேள்விகள் அவனைத் தேடிச் செல்கின்றன, ஆண்டு விழாவில் அவன்தான் பேசுகிறான், வகுப்புத் தலைவனும் அவனே. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் தலைமைப் பொறுப்புகளுக்கு வந்தவர்களைப் பார்த்த ஓர் ஆய்வில், வகுப்பில் மூத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு 4 முதல் 11 விழுக்காடு வரை அதிகம் என்று தெரிந்தது. மதிப்பெண்ணை வைத்து 'ஏ' செக்ஷன், 'பி' செக்ஷன் என்று பிரிக்கும் பள்ளியில் இது இன்னும் கெட்டிப்படுகிறது. பத்து மாத இளமைக்காக 'பி'க்குப் போன குழந்தை, அந்த இளமை பொருளற்றுப் போன பிறகும் 'பி'யிலேயே படிக்கிறது.

நானும் இதைச் செய்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் பிறந்த தேதி கண்ணெதிரே இருந்தும், மெதுவாக எழுதிய பிள்ளைகளின் பெயருக்கு நேராக அதைப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகள் எனக்குத் தோன்றவில்லை. ஒரு முறை பார்த்தபோது, நான் 'மெதுவானவர்கள்' என்று பிரித்து உட்கார வைத்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏப்ரல் முதல் ஜூலை வரை பிறந்தவர்களாக இருந்தனர். அன்று ஏற்பட்ட மனவருத்தம் இன்றும் தீரவில்லை.

என் மகனை "ஓரிடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறான், டாக்டரிடம் காட்டுங்கள்" என்று பள்ளியில் சொல்கிறார்கள். வயதும் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. செப்டம்பர் 1ஐ அடிப்படையாகக் கொண்டு வயதைக் கணக்கிடும் மாநிலங்களில், ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்த குழந்தைகள், ஆகஸ்டில் பிறந்த 10,000 பேரில் 85.1 என்ற விகிதத்தில் இருந்தனர். செப்டம்பரில் பிறந்தவர்களிடையே அது 63.6 மட்டுமே. அந்தத் தேதி விதி இல்லாத மாநிலங்களில் இப்படியொரு வித்தியாசமே இல்லை. ஒரு மாத இடைவெளியில் பிறந்த குழந்தைகளின் மூளையில் இவ்வளவு வேறுபாடு இருக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் மூத்த குழந்தையோடு ஒப்பிட்டதால் இளைய குழந்தையின் இயல்பான துறுதுறுப்பு நோயாகத் தெரிந்திருக்கிறது.

இதை வைத்து, மருத்துவரிடம் போகவே வேண்டாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அந்தக் குறைபாடு உண்மையில் உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவி தேவை. மருத்துவரிடம் செல்லும்போது, வகுப்பில் உங்கள் மகன் எத்தனையாவது இளையவன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டிலும் விளையாட்டிலும் உறவினர் நடுவிலும் அவன் எப்படி இருக்கிறான் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

அப்படியானால் ஒரு வருடம் காத்திருந்து சேர்ப்பதுதான் நல்லதா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. அந்த ஒரு வருடம் எங்கே, எப்படிக் கழியும் என்பதே முதல் கேள்வி.

டென்மார்க்கில் ஓராண்டு தாமதமாகப் பள்ளிக்குச் சென்ற குழந்தைகளிடம் ஏழு வயதில் கவனச் சிதறல் கணிசமாகக் குறைந்திருந்தது. பதினோரு வயதிலும் அந்தப் பயன் நீடித்தது. ஆனால் அந்த நாட்டில் பள்ளிக்கு முந்தைய பராமரிப்பு நிலையங்கள் தரமானவை. அவை எல்லோருக்கும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. காத்திருந்த குழந்தை அங்கே சும்மா இருக்கவில்லை, விளையாடியும் கதை கேட்டும் வளர்ந்தது. இதற்கு மாறாக, அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்த டாட் எல்டர், டேரன் லுபோட்ஸ்கி இருவரும், மூத்த குழந்தைகளின் முன்னிலை பெரும்பாலும் பள்ளிக்கு வரும் முன்பே வீட்டில் கற்றுக்கொண்டதால் வந்தது என்றும், வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கே அது அதிகம் என்றும் கண்டனர். புத்தகமும் பேச்சும் நிறைந்த வீட்டில் ஒரு வருடம் காத்திருப்பது வேறு. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடும் வீட்டில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு வருடம் காத்திருப்பது வேறு. இரண்டாவது குழந்தைக்குப் பள்ளிதான் நல்ல இடம். சத்துணவும் அங்கேதான் கிடைக்கிறது.

ஏழை வீடுகளில் தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பள்ளியை விட்டு விலக அனுமதிக்கும் வயது சட்டத்தில் ஒன்றாக இருக்கும்போது, தாமதமாகச் சேர்ந்த மாணவர் அந்த வயதை எட்டுகையில் கீழ் வகுப்பிலேயே இருப்பார். அமெரிக்காவில் ஆண்டின் முதல் காலாண்டில் பிறந்து, சற்றுக் கூடுதல் வயதில் பள்ளியில் சேர்ந்தவர்கள் இப்படித்தான் சராசரியாகச் சற்றுக் குறைவாகப் படித்தார்கள் என்று 1991இல் ஜோஷுவா ஆங்ரிஸ்ட், ஆலன் குரூகர் இருவரும் காட்டினர். நம் நாட்டில் பதினான்கு வயது நிறைந்துவிட்டால் ஆபத்தில்லாத வேலைகளில் சேரச் சட்டம் தடை சொல்வதில்லை. அந்த வயதில் ஒன்பதாம் வகுப்பை முடித்திருக்கும் பிள்ளைக்கும் எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு வருடம் மட்டுமல்ல, பத்தாம் வகுப்புச் சான்றிதழே கைநழுவிப் போகும் தூரம் இருக்கிறது. பெண் பிள்ளைகளின் வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது.

பெரியவர்களோடு படிப்பதால் இளைய குழந்தைக்கு நன்மையும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 1980களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், குழந்தைகளைக் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்து நடத்திய பெரிய சோதனையின் தரவுகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, வயதில் மூத்த வகுப்புத் தோழர்கள் அமைந்த குழந்தைகள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் சற்று அதிக மதிப்பெண் பெற்றிருந்தது தெரிந்தது. பேச்சும் பழக்கமும் பக்கத்திலிருப்பவரிடமிருந்து ஒட்டிக்கொள்கின்றன.

ஆகவே என் பரிந்துரை இது. விதிப்படி வயது நிறைந்திருந்து, குழந்தை உடல்நலத்தோடும் இருந்தால் உரிய ஆண்டில் சேர்த்துவிடுங்கள். குறைப்பிரசவத்தில் பிறந்து வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தை, பேச்சு மிகவும் பிந்தி வந்த குழந்தை, நீண்ட நோயிலிருந்து தேறிவரும் குழந்தை ஆகியோருக்கு, குழந்தை நல மருத்துவரின் ஆலோசனையோடு, பால்வாடியிலோ யு.கே.ஜி.யிலோ ஒரு வருடம் கூடுதலாக வைத்திருப்பதில் தவறில்லை.

விதியைவிட முன்னதாகவே சேர்த்தால்? "ஒரு வருடம் வீணாகாது" என்கிறார்களே.

இதை மட்டும் செய்யாதீர்கள். பிறப்புச் சான்றிதழ் அரிதாக இருந்த காலத்தில், வலக்கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் பள்ளிக்கு ஏற்ற வயது. ஏதோ வேடிக்கைபோலத் தோன்றினாலும் அதில் ஓர் அறிவு இருந்தது: தலைக்கும் கைக்கும் உள்ள அளவு குழந்தை வளர வளர மாறுகிறது, ஐந்து, ஆறு வயதில்தான் கை காதை எட்டுகிறது. ஆனால் கை எட்டிய பிள்ளைக்குத் தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் பிறந்த நாளாக எழுதிவிடுவார். பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதி ஒன்று, வீட்டுப் பிறந்த தேதி ஒன்று என்று இரண்டோடு வாழும் பெரியவர்கள் இன்றும் நம்மிடையே பலர் இருக்கிறார்கள்.

இன்று அது இயலாது, தேவையும் இல்லை. பிறப்புச் சான்றிதழோடு ஆதாரும் மருத்துவப் பதிவும் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. அதையும் மீறி ஒரு வருடம் முன்னதாகச் சேர்த்துவிட்டால் வரக்கூடிய சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வுக்கு, சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31க்குள் பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும். 2020 ஜனவரியில் பிறந்த குழந்தையை 2024 ஜூனிலேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டால், அது 2036இல் பிளஸ் டூ முடிக்கும். ஆனால் பதினேழு வயது நிறைவது 2037 ஜனவரியில். சேமித்ததாக நினைத்த வருடம் அங்கே காத்திருப்பில் கழியும்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்ற பழமொழியை அவசரப்படுவோர் துணைக்கு அழைப்பதுண்டு. அது ஐந்தைத்தான் சொல்கிறது, மூன்றரையைச் சொல்லவில்லை. மூன்றரை வயதில் நான்கு கோட்டு நோட்டில் கூட்டெழுத்து எழுத வைத்து விரல் வீங்கிய குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். நியூசிலாந்தில், ஏழு வயதில் வாசிக்கக் கற்கத் தொடங்கிய குழந்தைகள், ஐந்து வயதிலேயே தொடங்கியவர்களைப் பதினோரு வயதுக்குள் எட்டிப் பிடித்துவிட்டதை அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எழுத்தறிவுக்கு இரண்டு வருட அவசரம் எதையும் சேர்த்துத் தரவில்லை.

பின்லாந்தில் ஏழு வயதில்தானே பள்ளி தொடங்குகிறது? நாமும் அப்படி மாறினால் என்ன?

பின்லாந்து, எஸ்டோனியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் முதல் வகுப்பு ஏழு வயதில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் நான்கு வயது முடிந்ததுமே குழந்தை பள்ளிக்குள் வந்துவிடுகிறது. பின்லாந்திலும் சிங்கப்பூரிலும் ஏழு வயதுக்கு முன் குழந்தைகள் செல்லும் இடம் ஒழுங்காக அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எண்ணை மட்டும் இறக்குமதி செய்தால் பயன் இல்லை. தமிழ்நாட்டில் 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அவற்றைத் தகுந்த ஆசிரியர்களோடு எல்லா ஊர்களுக்கும் விரிவாக்குவது, நுழைவு வயதை ஐந்திலிருந்து ஆறாக்குவதைவிட ஏழைக் குழந்தைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கர்நாடகம் ஆறு வயது விதியை 2025-26இல் நடைமுறைப்படுத்த முனைந்தபோது, ஏற்கெனவே யு.கே.ஜி. முடித்துவிட்ட குழந்தைகள் அதே வகுப்பில் மீண்டும் உட்கார வேண்டிய நிலை வந்தது. அதனால் அந்த ஆண்டுக்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் போதும் என்று தளர்த்த நேர்ந்தது. மாற்றத்தை எல்.கே.ஜி.யிலிருந்து படிப்படியாகக் கொண்டுவராவிட்டால் இப்படித்தான் ஆகும்.

என் மகள் வகுப்பிலேயே மிக இளையவள். வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில், அவளுடைய பிறந்த தேதியை வகுப்பாசிரியரிடம் நேரில் நினைவூட்டுங்கள். "ஜூலையில் பிறந்தவள், வகுப்பில் கடைக்குட்டி" என்ற ஒரு வரி, ஆசிரியர் அவளைப் பார்க்கும் பார்வையை மாற்றும். அடுத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால், ஆறு மாதத்துக்கு முன் அவளே எழுதிய நோட்டோடு ஒப்பிடுங்கள். இரவில் பத்து நிமிடம் கதை படித்துக் காட்டுங்கள், பேச விடுங்கள், போதிய அளவு தூங்க விடுங்கள். எழுத்துப் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன், மணலிலும் அரிசியிலும் விரலால் எழுதுவது, பூத் தொடுப்பது, பட்டாணி உரிப்பது போன்ற வேலைகளைக் கொடுங்கள்; பென்சிலுக்கு வேண்டிய வலு விரலில் அப்படித்தான் சேர்கிறது. டியூஷன் வேண்டாம். ஏற்கெனவே களைத்து வரும் ஐந்து வயதுக் குழந்தைக்கு மாலையிலும் ஒரு வகுப்பறை தேவையில்லை.

பள்ளிகளும் ஆசிரியர்களும் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

நிறைய உண்டு, பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. முதல் மூன்று வகுப்புகளின் மதிப்பெண் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் வயதை ஆண்டும் மாதமுமாக எழுதி வைப்பது அவற்றில் முதலாவது. இங்கிலாந்தில் பதினோரு வயதையொட்டி எழுதும் சில பள்ளிகளின் நுழைவுத் தேர்வுகளில் பிறந்த மாதத்துக்கு ஏற்ப மதிப்பெண்ணைச் சரிசெய்யும் வழக்கம் இருக்கிறது. நம் பள்ளிகளில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. பார்வையில் படும்படி எழுதி வைத்தாலே ஆசிரியரின் முடிவுகள் மாறும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறார்கள். அன்று குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது இந்த முறையின் சிறப்பு. ஆனால் அரும்பு என்பது ஒரு பருவத்தின் பெயராக இருக்க வேண்டும். ஒரு குழந்தையின் பெயராகிவிடக் கூடாது. பருவந்தோறும் மறுபடி சோதித்து, இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் வகுப்பில்தான் இளைய குழந்தை பயன் பெறுகிறது. தொடக்க வகுப்புகளில் மதிப்பெண்படி செக்ஷன் பிரிப்பதைப் பள்ளிகள் அறவே கைவிட வேண்டும். பள்ளிச் சேர்க்கைக்குக் குழந்தையிடம் நேர்காணல் நடத்துவதைக் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்திருக்கிறது என்பதையும் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என் மகன் இப்போது நான்காம் வகுப்பில் இருக்கிறான். முன்னதாகச் சேர்த்துவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது. மீண்டும் அதே வகுப்பில் படிக்க வைக்கலாமா?

தாமதமாகச் சேர்ப்பதும், சேர்ந்த வகுப்பிலேயே மறுபடி உட்கார வைப்பதும் ஒன்றல்ல. முதலாவது குழந்தைக்குத் தெரியாமலேயே நடந்துவிடும். இரண்டாவதில், கூடப் படித்தவர்கள் எல்லோரும் அடுத்த அறைக்குப் போய்விட, தான் மட்டும் பழைய அறையில் இருப்பதை அவன் நாள்தோறும் காண்பான். நான்காம் வகுப்புக்கு வந்த பிறகு வயதால் வந்த இடைவெளியில் பெரும்பகுதி கரையத் தொடங்கியிருக்கும். மிஞ்சியிருப்பது பெரும்பாலும் முதல் இரண்டு வகுப்புகளில் விட்டுப்போன குறிப்பிட்ட சில திறன்களாகவே இருக்கும். தமிழில் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கிறானா, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா, ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டிப் படிக்கிறானா என்று ஒரு சனிக்கிழமை பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். விட்டுப்போனது எது என்று தெரிந்துவிட்டால், கோடை விடுமுறையில் அன்றாடம் அரை மணி நேரம் போதும். அதையும் தாண்டிச் சிரமப்பட்டால், கற்றல் குறைபாடு ஏதேனும் இருக்கிறதா என்று சிறப்பாசிரியரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். வட்டார வள மையத்தில் அவர்களை அணுகலாம்.